கிளிமூக்கு மாங்காய்க்குள் பேரெழுத்து: முதல்முறை செய்கிறவர்களுக்கான குவில்லிங் மொசைக்

காகிதப் பட்டையைச் சுருட்டிக் கம்மலும் ஜிமிக்கியும் செய்யத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். அதே சுருளை ஓர் உருவத்தின் எல்லைக்குள் நெருக்கி அடுக்கி, இடமெல்லாம் நிரப்பினால் அது குவில்லிங் மொசைக். ஒரு ஜோடிக் கம்மலுக்குச் சில சுருள் போதும். இதற்கு இருநூறுக்குப் பக்கத்தில் வேண்டும். சுருட்டுவது அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். படம் கெடுவது பெரும்பாலும் அளவிலும் அடுக்கிலும்தான். அதனால் இங்கே அவற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறோம்.

எடுத்துக்கொண்ட உருவம் கிளிமூக்கு மாங்காய். கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா என்பார்களே, கூழ் ஆலைக்கு லாரி லாரியாகப் போகும் அதே காய். நடுவில் பேரின் முதலெழுத்து. முதல் வேலைக்கு இந்த வடிவம் நன்றாக ஒத்துழைக்கும். வளைவு நீளமானது, கூர்மையான இடம் மூக்கு ஒன்றுதான், சற்றுக் கோணலாக வந்தாலும் மாங்காய் மாங்காயாகவே தெரியும். பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம், குழந்தையின் அறைக் கதவில் மாட்டலாம், கல்யாணத்துக்கு இரண்டு பேரின் எழுத்தையும் போட்டுத் தரலாம்.

தருமபுரிக்காரர்கள் நெல்லிக்கனி வேண்டும் என்றால் இன்னும் சுலபம். ஒரு வட்டம், அதில் மேலிருந்து கீழாக ஆறு கோடு, நடுவில் எழுத்து. அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனி என்பதால் நீண்ட ஆயுள் வாழ்த்துக்கும் பொருந்தும். கீழே சொல்லும் அளவும் முறையும் அதற்கும் அப்படியே செல்லும்.

வாங்க வேண்டியவை

குவில்லிங் பட்டை 5 மி.மீ. அகலத்தில் வாங்குங்கள். கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது 3 மி.மீ. ஆக இருக்கலாம். அது கம்மலுக்கு நல்லது. மொசைக்கில் பழகாத கைக்குச் சுருள் நிற்காமல் சாய்ந்துகொண்டே இருக்கும். தாள் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் இத்தனை கிராம் என்ற கணக்கு) இருக்கட்டும். பட்டையின் நீளம் பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும். வீட்டுக்கு வந்ததும் ஒன்றை எடுத்து ஸ்கேலில் அளந்துவிடுங்கள். இந்தக் குறிப்பு முழுக்க 40 செ.மீ. பட்டை என்று வைத்துக் கணக்குச் சொல்லியிருக்கிறோம்.

ஊருக்குள் கிடைக்கவில்லை என்றால் வண்ண அட்டைத்தாளை நீங்களே நறுக்கலாம். நறுக்குவதற்கு முன் தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சுலபமாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். எந்தத் திசையில் சுலபமாக வளைகிறதோ அந்தத் திசையில் பட்டையின் நீளம் வர வேண்டும். மாற்றி நறுக்கினால் சுருட்டும்போது பட்டை மடிந்து மடிந்து போகும். அகலத்தில் அரை மி.மீ. வித்தியாசம் வந்தாலும் அடுக்கிய பிறகு மேடு பள்ளமாகத் தெரியும். ஸ்டீல் ஸ்கேலும் புது பிளேடும் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். பெரிய கட்டிங் மெஷின் வைத்திருக்கும் அச்சகத்தில் கொடுத்து நறுக்கி வாங்குவது இன்னும் மேல்.

சுருட்டும் கருவி என்பது நுனியில் பிளவுள்ள ஊசி, பிடியோடு வரும். வாங்க முடியாதவர்கள் கோணி ஊசியின் காது நுனியைக் கட்டிங் பிளையரால் வெட்டி, மறுமுனையைப் பழைய பென்சிலில் செருகிக்கொள்ளலாம். வெட்டும்போது ஊசிமேல் துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். துண்டு கண்ணுக்குத் தெறிக்கும். இதுபோக, வட்டத் துளைகள் உள்ள பிளாஸ்டிக் ஸ்டென்சில் ஒன்று வேண்டும். 10, 8, 6 மி.மீ. துளைகள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். கூர்நுனி ட்வீஸர், பல்குச்சி, குண்டூசி, ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசை, 25 × 18 செ.மீ. அளவில் 2 மி.மீ. தடிமனுள்ள மவுண்ட் போர்டு. சாதா சார்ட் அட்டை பசையின் ஈரத்தில் வளைந்துவிடும், வேண்டாம்.

பழைய கல்யாணப் பத்திரிகை இரண்டு எடுத்து வையுங்கள். அந்தத் தடித்த அட்டையை 5 மி.மீ. பட்டையாக நறுக்கினால் உருவத்தைச் சுற்றி வேலி போட அதைவிடப் பொருத்தமானது கிடையாது. தங்கப் பட்டையும் மினுமினுப்பும் உள்ள பக்கத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், பசை பிடிக்காது.

நீளக் கணக்கு

இந்த வேலையில் இரண்டே சுருள்தான் அடிப்படை. சுருட்டி விடாமல் அப்படியே முனையை ஒட்டினால் கெட்டிச் சுருள். சுருட்டி, ஸ்டென்சில் துளைக்குள் விட்டு, அது விரிந்த பிறகு முனையை ஒட்டினால் தளர்சுருள். எழுத்துக்குக் கெட்டி, மாங்காயின் சதைக்குத் தளர்வு. அடர்த்தியில் வரும் இந்த வித்தியாசமே எழுத்தைப் பாதி எடுத்துக்கொடுத்துவிடும், மீதியை நிறம் பார்த்துக்கொள்ளும்.

கெட்டிச் சுருளின் அளவு பட்டையின் நீளத்தைப் பொறுத்தது. 20 செ.மீ. பட்டை சுமார் 6 மி.மீ. வட்டமாக வரும். 12 மி.மீ. வேண்டும் என்று 40 செ.மீ. எடுத்தால் ஏமாற்றம்தான், எட்டரை மி.மீ. தாண்டாது. வட்டத்தின் குறுக்களவு இரண்டு மடங்காக வேண்டுமென்றால் நீளம் நாலு மடங்காக வேண்டும். பரப்பளவுக் கணக்கு அப்படி.

தளர்சுருளில் குறுக்களவைத் துளை தீர்மானிக்கும். நீளம் உள்ளே எவ்வளவு அடர்த்தி என்பதைத் தீர்மானிக்கும். மூன்று அளவும் ஒரே அடர்த்தியில் தெரிய 10 மி.மீ. துளைக்கு 20 செ.மீ., 8 மி.மீ. துளைக்கு 13 செ.மீ., 6 மி.மீ. துளைக்கு 7 செ.மீ. எடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நீளம் எடுத்தால் சின்ன வட்டம் கறுத்துத் தெரியும், பெரிய வட்டம் வெறிச்சோடும்.

15 செ.மீ. உயரம், 10 செ.மீ. அகலம் உள்ள மாங்காய்க்கு மொத்தக் கணக்கு இது: 10 மி.மீ. தளர்சுருள் 60, 8 மி.மீ. 40, 6 மி.மீ. 30. எழுத்துக்குக் கெட்டிச் சுருள் 50 முதல் 60. இரண்டு இலைக்கு 10 மி.மீ. தளர்சுருள் 20. எல்லாம் சேர்த்து 40 செ.மீ. பட்டை 86 பக்கம் ஆகும். சேதாரம் போக 100 பட்டை கையில் இருந்தால் நிம்மதி. பழகாத கைக்கு ஒரு சுருளுக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்தாலும் சுருட்ட மட்டும் ஆறேழு மணி நேரம் போகும். ஒரே மூச்சில் உட்கார வேண்டாம். விரல் சோர்ந்தால் சுருளின் இறுக்கம் மாறும், அது படத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

சுருட்டல்

பட்டையின் நுனியைப் பிளவுக்குள் விடும்போது அது மறுபக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நடுவில் ஒரு கொக்கி மாதிரி மடிப்பு விழும். கருவியைச் சுற்றுங்கள், பட்டையை இழுத்துச் சுற்றாதீர்கள். இடது கை விரல் இரண்டும் பட்டையின் ஓரங்கள் ஒரே மட்டத்தில் இருக்கும்படி காவல் இருந்தால் போதும். முடிந்ததும் கருவியை எதிர்ப்பக்கம் கால் சுற்று திருப்பிவிட்டு உருவுங்கள். நேராக இழுத்தால் நடுப்பகுதி மேலே வந்து சுருள் கோபுரமாகிவிடும். முதல் பத்துச் சுருளில் பாதி அப்படித்தான் ஆகும். மேசையில் வைத்து ஸ்கேலால் தட்டையாக அழுத்தினால் சரியாகும், தூக்கிப் போட வேண்டாம்.

பட்டையை வெட்டும்போது ஒட்டும் முனையைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் மெல்லியதாகி ஒட்டிய இடம் தெரியாமல் அமுங்கிவிடும். கத்தரித்த ஓரம் ஒரு படிக்கட்டு மாதிரி நிற்கும், வட்டமும் அந்த இடத்தில் புடைக்கும்.

பசை பல்குச்சி நுனியில் ஒரு பொட்டு போதும். வைத்துவிட்டுப் பத்து எண்ணும்வரை விரலை எடுக்காதீர்கள். சுருள் திறந்துகொள்கிறது என்று பசையை அள்ளி வைக்கிறவர்கள் உண்டு. அதிகப் பசை காய நேரமெடுப்பதால்தான் அது திறக்கிறது. மேலும் வழிந்த பசை காய்ந்ததும் பளபளவென்று தெரியும், எதைக்கொண்டும் துடைக்க வராது.

இன்னொன்று. எல்லாச் சுருளும் ஒரே பக்கமாகச் சுற்றியிருக்க வேண்டும். வலஞ்சுழியும் இடஞ்சுழியும் கலந்தால் என்ன குறை என்று சொல்லத் தெரியாமல் படம் கலங்கலாகத் தெரியும். மாற்றிச் சுற்றிவிட்டால் சுருளைக் கவிழ்த்து வையுங்கள், திசை மாறிவிடும்.

எழுத்தைத் தேர்ந்து அளவெடுப்பது

எழுத்தை அச்செடுப்பதற்கு முன் ஒரு சோதனை. பத்துக் கெட்டிச் சுருள் செய்து ஸ்கேல் ஓரமாக வரிசையாக நிறுத்துங்கள். 60 மி.மீ. வந்தால் மேலே சொன்ன அளவு சரி. 55 வந்தால் உங்கள் கை இறுக்கம் அல்லது தாள் மெலிசு. 65 வந்தால் நேர்மாறு. எழுத்தின் கோட்டுத் தடிமன் இரண்டு சுருள் அருகருகே நிற்கும் அளவு இருக்க வேண்டும். ஆக 6 மி.மீ. சுருளுக்கு 12 மி.மீ. தடிமன். எழுத்தை முதலில் அச்செடுத்துவிட்டுச் சுருளை அதற்குள் திணிக்கப் பார்ப்பது தலைகீழ் வேலை. ஒன்றரைச் சுருள் கொள்ளும் கோட்டில் எதைப் போட்டாலும் நிறையாது.

தடித்த எழுத்துருவில் 6 செ.மீ. உயரத்துக்கு அச்செடுங்கள். ப, ட இரண்டும் நேர்க்கோடு. முதல்முறைக்கு அதிர்ஷ்டக்காரப் பேர்கள். ப-வுக்குக் கணக்கு வெளிப்படையானது: காலுக்கு 10 வரிசை, வரிசைக்கு 2, இரண்டு காலுக்கும் 40, நடுவில் அடிக்கோட்டுக்கு 8 அல்லது 9. ம கொஞ்சம் வளையும், அவ்வளவுதான். ர-வில் கவனம் வேண்டும்: கீழே சாயும் வால் குட்டையாகிவிட்டால் எழுத்து துணைக்கால் மாதிரி நிற்கும். வாலுக்கு மூன்று சுருள் நீளமாவது விடுங்கள். க-வும் த-வும் தூரத்தில் ஒன்றாகத் தெரியும் சோடி. க-வின் கண்ணை அடைக்காமல் 8 மி.மீ. இடைவெளி விட வேண்டும், த-வின் வாலை இடப்பக்கம் தாராளமாக இழுக்க வேண்டும். இ, ஜ, ஷ, ஸ்ரீ எல்லாம் 6 செ.மீ. உயரத்தில் நசுங்கும். இவற்றுக்கு மாங்காயையே 22 × 15 செ.மீ. ஆக்கி எழுத்தை 9 செ.மீ. உயரத்துக்குக் கொண்டுபோங்கள், சுருள் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கி, சு மாதிரி மேலேயோ கீழேயோ வளைவு சேர்ந்த எழுத்தில் அந்த வளைவுக்கும் உடலுக்கும் நடுவே 3 மி.மீ. சந்து இல்லாவிட்டால் அது வெறும் கட்டியாகத் தெரியும். இலக்கணப்படி மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பதால் புள்ளி வேலை மிச்சம் என்று நினைக்கலாம். ப்ரியா என்றும் ஸ்வேதா என்றும் எழுதுகிற வீடுகளில் வந்துவிடும். புள்ளிக்கு 35 செ.மீ. பட்டையில் ஒரே கெட்டிச் சுருள், 8 மி.மீ. வரும். பேருக்கு உரியவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே போடுங்கள், நீங்கள் திருத்தப் போக வேண்டாம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் அந்த எழுத்தில் கேட்பார்கள். இரண்டிலும் நேர்க்கோடு மிகக் குறைவு. உச்சியில் வரும் தலைக்கட்டை இரண்டு முனையும் கிள்ளிய தளர்சுருளால் தனியாக வைத்துவிட்டால் எழுத்து தெளிவாக நிற்கும்.

அட்டையைத் தயார் செய்தல்

மஞ்சள் தாளில் மாங்காயை வரைந்து வெட்டி மவுண்ட் போர்டில் ஒட்டுங்கள். கீழே 3 செ.மீ., மேலே இலைக்காக 7 செ.மீ. இடம் இருக்கட்டும். காம்புப் பக்கம் தோள் அகலமாகத் தொடங்கி, கீழே வரவர ஒடுங்கி, ஒரு பக்கம் லேசாக உள்வாங்கி மூக்கு வெளியே நீள வேண்டும். அந்த உள்வாங்கல் இல்லாவிட்டால் அது கிளிமூக்கு இல்லை, ஏதோ ஒரு மாங்காய். அச்செடுத்த எழுத்தைக் கரும்பழுப்புத் தாளின்மேல் வைத்து வெட்டி, மாங்காயின் நடுவில் ஒட்டுங்கள்.

இப்படித் தாளை அடியில் ஒட்டுவது வரைபடத்துக்காக மட்டும் இல்லை. வட்டங்களை என்ன நெருக்கினாலும் நடுவே சந்து விழும். அந்தச் சந்தில் வெள்ளை அட்டை தெரிந்தால் படம் முழுக்கப் பொத்தல் போட்ட மாதிரி இருக்கும். அடியில் அதே நிறம் இருந்தால் சந்து நிழலாகத் தெரியும், கண் அதைத் தேடிப் போகாது.

போர்டின் பின்பக்கமும் ஒரு தாளை முழுசாக ஒட்டிவிடுங்கள். முன்பக்கம் மட்டும் ஈரம் பட்டுக் காய்ந்தால் அட்டை முன்னால் குழியும். பின்னாலும் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சரிக்குச் சரி. புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்து எடுத்துத் தொடருங்கள்.

வேலி

பத்திரிகை அட்டைப் பட்டையை ஓரத்தில் நிற்க வைத்து எழுத்தைச் சுற்றியும் மாங்காயைச் சுற்றியும் வேலி போட வேண்டும். பிளாஸ்டிக் கவரின்மேல் பசையை மெலிசாகத் தடவி, பட்டையின் ஓரத்தை அதில் தொட்டு எடுத்துக் கோட்டின்மேல் நிறுத்துங்கள். இருபுறமும் குண்டூசி குத்தி அரை மணி நேரம் விட்டால் போதும்.

வளைவுக்குப் பட்டையை முன்கூட்டியே விரலுக்கும் கத்தரிக்கோல் முதுகுக்கும் நடுவே இழுத்து வளைத்துக்கொள்ளுங்கள். நேர்ப்பட்டையை ஒட்டிக்கொண்டே வளைத்தால் காய்வதற்குள் அது நிமிர்ந்துவிடும். மாங்காய் வேலியை மூக்கில் தொடங்கி மூக்கிலேயே முடியுங்கள், சேரும் இடம் கூரான முனையில் மறைந்துவிடும். எழுத்தின் மூலைகளில் வெட்டாமல் மடியுங்கள். வளைவு அதிகமுள்ள எழுத்துக்கு அட்டை முரண்டினால் குவில்லிங் பட்டையையே இரட்டையாக ஒட்டிப் பயன்படுத்தலாம். வேலை மிச்சம் பிடிக்க எழுத்து வேலியை விட்டுவிடலாமா என்றால், கூடாது. வேலி இல்லாத எழுத்தின் ஓரம் பொரிகடலை கொட்டிய மாதிரிதான் இருக்கும்.

அடுக்குவது

முதலில் எழுத்து. கெட்டிச் சுருளின் அடியில் பசை தொட்டு, வேலிக்குள் இரண்டிரண்டாக நிறுத்துங்கள். ஒட்டிய முனை வேலிப் பக்கம் திரும்பியிருக்கட்டும்.

சதைப் பகுதியைப் பசை இல்லாமல் முழுசாக அடுக்கிப் பார்த்த பிறகுதான் ஒட்ட வேண்டும். வரிசை இப்படி: மாங்காய் வேலியை ஒட்டி உள்பக்கம் 8 மி.மீ. சுருள் ஒரு சுற்று. எழுத்து வேலியை ஒட்டி வெளிப்பக்கம் 6 மி.மீ. ஒரு சுற்று, எழுத்துக்குப் பக்கத்தில் விழும் சந்துதான் கண்ணை முதலில் இழுக்கும் என்பதால் அங்கே சின்னது. நடுவில் எஞ்சிய இடத்துக்கு 10 மி.மீ.

10 மி.மீ. சுருளை நேர்நேராக, நாலு மூலையாக வைக்காதீர்கள். ஒரு வரிசையின் சுருள் கீழ்வரிசையின் இரண்டு சுருளுக்கு நடுவே உட்கார வேண்டும். மூன்று வட்டம் தொட்டுக்கொண்டால் நடுச்சந்து ஒன்றரை மி.மீ. வட்டத்துக்குத்தான் இடம் தரும். அதை அப்படியே விட்டுவிடலாம். நாலு வட்டம் சதுரமாக நின்றால் சந்து 4 மி.மீ. ஆகிவிடும், எதிர்ச் சுவரிலிருந்து பார்த்தாலும் தெரியும். இப்படி மாற்றி மாற்றி அடுக்கினால் இடத்தில் பத்தில் ஒன்பது பங்கு நிறையும், சதுரமாக அடுக்கினால் எட்டுப் பங்குகூட வராது.

இரண்டு சுற்றும் நடுவரிசையும் சந்திக்கும் இடங்களில் வட்டம் பொருந்தாத கோணல் சந்துகள் கிடைக்கும். தளர்சுருளின் அருமை அங்கேதான். ஒரு முனையைக் கிள்ளினால் துளி, இரண்டு முனையைக் கிள்ளினால் கண், மூன்று பக்கம் கிள்ளினால் முக்கோணம். சந்தின் வடிவத்தைப் பார்த்துக் கிள்ளி, சற்றுப் பெரிதாகவே செய்து அமுக்கி உள்ளே விடுங்கள். அது விரிந்து அக்கம்பக்கத்துச் சுருளை நெருக்கிப் பிடிக்கும். மூக்கின் நுனிக்கு ஒரு நீளத் துளி. கெட்டிச் சுருளைத் திணித்துச் சந்தை அடைக்கப் பார்க்காதீர்கள், சதைக்கு நடுவில் கல் மாட்டிய மாதிரி அது மட்டும் துருத்தும்.

அடுக்கி முடித்ததும் மொபைலில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எழுத்து அப்போதும் தெளிவாக நின்றால் ஒட்டலாம். சாம்பலில் கரைந்துவிட்டால் நிறம் இரண்டும் அழுத்தத்தில் ஒன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சிவப்புமேல் பச்சை போட்டவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். நேரில் பளிச்சென்று தெரியும் சோடி அது, கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஒட்டும்போது சுருளை ட்வீஸரால் தூக்கி, அடியில் மூன்று பொட்டுப் பசை தொட்டு அதே இடத்தில் வையுங்கள். பக்கத்துச் சுருளோடு தொடும் இடத்தில் ஒரு பொட்டு. ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிப் போனால் கடைசிச் சுருளுக்கு இடமில்லாமல் போவது குறையும்.

நிறம்

பெங்களூராக் காயைக் கையில் வைத்துப் பார்த்தால் காம்புத் தோளில் செம்மை, நடுவில் மஞ்சள், மூக்கை நெருங்க நெருங்கப் பச்சை கலந்த மஞ்சள். மேல் மூன்று செ.மீ. ஆரஞ்சும் சிவப்பும், நடுவில் மஞ்சள், கீழே நாலு செ.மீ. இளம்பச்சை என்று பிரியுங்கள். நிறம் மாறும் இடத்தில் கோடு விழாமல் இருக்க மூன்று வரிசையைக் கலந்துவிடுங்கள்: முதல் வரிசையில் நாலுக்கு ஒன்று புது நிறம், அடுத்ததில் பாதிக்குப் பாதி, மூன்றாவதில் நாலுக்கு மூன்று. கரும்பழுப்பு எழுத்து முழுவதும் மஞ்சளுக்குள் இருக்க வேண்டும். செம்மைக்குள் அதன் தலை ஏறினால் அந்தப் பகுதி மட்டும் மறைந்து எழுத்து மொட்டையாகும்.

இலைக்கு நடுநரம்பாக 6 செ.மீ. பட்டையை நிறுத்தி, இருபுறமும் ஐந்தைந்து கண்களைச் சாய்வாக ஒட்டினால் முடிந்தது. காம்புக்கு மூன்று பட்டையைச் சேர்த்து ஒட்டிய 2 செ.மீ. துண்டு.

வெயில், மழை, பூச்சி

சித்திரை வைகாசியில் தருமபுரி வெயிலில் பசை மேல்தோல் கட்டிவிடும். பாட்டில் மூடியில் நாலு சொட்டு மட்டும் எடுத்து, ஈரத்துணியால் மூடி வைத்து வேலை செய்யுங்கள். ஃபேனை நிறுத்தவும் முடியாது, போட்டால் சுருள் பறக்கும். விளிம்பு உயர்ந்த பெரிய தட்டுக்குள் போர்டை வைத்துக்கொண்டால் காற்று மேலோடு போய்விடும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் சிக்கல் வேறு. தாள் ஈரத்தை உறிஞ்சித் தொளதொளத்துவிடும், கெட்டிச் சுருள் இறுகாது, பத்துச் சுருள் 60 மி.மீ. என்பது 63, 64 ஆகிவிடும். பட்டையையும் செய்து வைத்த சுருளையும் இறுக்கமாக மூடும் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். ஒரே எழுத்துக்கான சுருள்களைப் பாதி வெயில் காலத்திலும் பாதி மழையிலும் செய்யாமல் இருப்பது நல்லது.

பசை தீர்ந்துபோச்சே என்று மைதா காய்ச்சி ஒட்டுவது சார்ட் வேலைக்குச் சரி. இதில் வேண்டாம். மாவுப்பசைக்குக் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் வந்து தாளையும் சேர்த்து அரித்துவிடும்.

சட்டமும் மாட்டலும்

முழுசாகக் காய ஒரு நாள் விடுங்கள். சுருள் 5 மி.மீ. உயரம் நிற்பதால் சாதாரண போட்டோ ஃபிரேமின் கண்ணாடி அதை நசுக்கும். ஃபிரேம் கடையில் கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவே 8 முதல் 10 மி.மீ. இடைவெளி வரும்படி உள்பக்கம் மரச்சட்டம் வைத்துத் தரச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வழக்கம்போல் அழுத்திப் பூட்டிவிடுவார்கள். படத்தையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது உத்தமம்.

கண்ணாடி போடுவதாக இருந்தால் வார்னிஷ் தேவையில்லை. போடாமல் மாட்டுவதானால் பளபளப்பில்லாத தெளிவான ஸ்ப்ரேயை ஒரு முழ தூரத்திலிருந்து மெலிசாக இரண்டு முறை அடிக்கலாம், நிறம் ஒரு படி அழுத்தமாகும். தூரிகையால் வார்னிஷ் பூசக் கூடாது; ஈரத்தில் சுருள் நெகிழ்ந்து தூரிகையோடு வந்துவிடும். நேர் வெயில் விழும் சுவரில் மாட்டினால் சாயத்தாள் வெளுக்கும், அதற்குக் கண்ணாடியும் தடையில்லை.

நாளடைவில் ஒரு சுருள் விழுந்தால் அதே நிறப் பட்டையில் புதிதாகச் செய்து வைத்தால் போதும். அதற்காக ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு பட்டையை ஒரு கவரில் போட்டு ஃபிரேமின் பின்னால் ஒட்டிக் கொடுங்கள். கடையில் அடுத்த முறை வாங்கும் மஞ்சள் அதே மஞ்சளாக இருக்காது. பஸ்ஸில் பரிசாகக் கொண்டுபோகிறவர்கள் படத்தைப் படுக்கவைத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே லக்கேஜ் தட்டில் நிறுத்தி வைத்தால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் சுருள் உள்ளே குலுங்கும்.